பாறை வளைவில் ஒரு விசில்

என் வீட்டுக்காரர் தூக்கத்தில் பஸ் ஓட்டுவார். விழித்திருக்கும்போதும் அதைத்தான் ஓட்டினார் என்பதால் எனக்கு அது பெரிய விஷயமாகப் படவில்லை. ஜவ்வாது மலைக்கு ஏறி இறங்கும் பஸ்ஸில் அவர் டிரைவர். நான் மலைமேல் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ். வீடு அடிவாரத்தில், சந்தவாசல் பக்கம். காலையில் அவர் பஸ்ஸிலேயே வேலைக்கு ஏறிப் போவேன், சாயந்திரம் அவர் பஸ்ஸிலேயே இறங்கி வருவேன். டிரைவர் சீட்டுக்கு நேர் பின்னாலிருக்கும் ஜன்னலோர சீட் எனக்கென்று எழுதி வைக்காத குறைதான். ஒரு நாளைக்கு நாலு நடை. ஐந்தாவது நடை விடியற்காலையில் எங்கள் கட்டிலில் நடக்கும்.

கோழி கூவி முடிந்து, பால்காரர் மணி அடிப்பதற்கு முன்னால் ஒரு நேரம் இருக்கிறதே, அப்போதுதான் வண்டி கிளம்பும். மல்லாந்து படுத்திருப்பவரின் இரண்டு கைகளும் மெதுவாக எழும். காற்றில் ஒரு பெரிய வட்டத்தைப் பிடிக்கும். வலது பக்கம் சுற்றும், கொஞ்சம் நிற்கும், விட்டுக்கொடுத்துத் திரும்பும். இடது கை கியர் தேடும். நான் இடது பக்கம் படுப்பவள், எனவே பல நாள் என் முழங்கைதான் கியர். கைகள் சுற்றும் அளவை வைத்தே எந்த இடத்தில் போகிறார் என்று சொல்லிவிடுவேன். நீளமாகச் சுற்றினால் குரங்கு வளைவு. அரை வட்டத்தில் தயங்கி நின்றால் பாறை வளைவு. கடைசியில் ஒரு கையைத் தூக்கிக் கன்னத்தில் போட்டுக்கொண்டால் அடிவாரத்துக் கோயில் வளைவு.

சொன்னால் சிரிப்பீர்கள், எனக்கு அந்த நடை பிடிக்கும். அரைத்தூக்கத்தில் நானும் அதில் ஏறிக்கொள்வேன். அந்த பஸ்ஸில் சத்தமே இருக்காது. ஜன்னலுக்கு வெளியே மூடுபனி போகும், பனிக்குள் சாமைக் கதிர்கள் தலையாட்டும். பலாப்பழத்தை மடியில் வைத்துக்கொண்டு யார் யாரோ உட்கார்ந்திருப்பார்கள், ஒருவருக்கும் முகம் இருக்காது. எங்கே போகிறோம் என்று யாரும் கேட்பதில்லை. அப்புறம் பால்காரர் மணி அடிப்பார், நான் எழுந்து அடுப்பைப் பற்ற வைப்பேன்.

எல்லா விடியலும் அப்படி இல்லை. ஒரு நாள் "பிரேக்கு புடிக்கல, பிரேக்கு புடிக்கல!" என்று கத்தினார். வலது காலால் அவர் உதைத்த உதையில் கட்டில் ஓரம் இருந்த தண்ணீர்ச் செம்பு சமையலறை வரை உருண்டது. எழுப்பினால் அடி விழும். என்ன தோன்றியதோ, உதட்டைக் குவித்து ஒற்றை விசில் அடித்தேன். சின்ன வயதில் அண்ணனோடு போட்டி போட்டுப் பழகிய விசில். எங்கள் பஸ்ஸில் கண்டக்டர் ஒரு விசில் அடித்தால் நிறுத்த வேண்டும், இரண்டு அடித்தால் ரைட், கிளம்பலாம். அவர் கால் மெதுவாக அழுந்தியது. பெருமூச்சு ஒன்று வந்தது. கைகள் இறங்கி மார்பின் மேல் படுத்துக்கொண்டன.

அன்றிலிருந்து அதுதான் எங்கள் வீட்டு வைத்தியம். கனவில் வண்டி தாறுமாறாகப் போனால் ஒற்றை விசில். பல வருஷம் இப்படியே ஓட்டினோம். காலையில் சொன்னால் அவருக்கு ஒன்றும் நினைவிருக்காது, வெட்கப்பட்டுச் சிரிப்பார். "எங்க வூட்ல அவதான்டா கண்டக்டரு" என்று அவரே டீக்கடையில் பரப்பியும் விட்டார். நிஜக் கண்டக்டர் ஒல்லியான ஆள், என்னை அண்ணி என்றுதான் கூப்பிடுவார். நான் பஸ்ஸில் ஏறியதும், "அண்ணி, வெடிகாலைல எத்தினி டிரிப்பு அடிச்சாரு அண்ணன்?" என்று கேட்காமல் டிக்கெட் கிழிக்க மாட்டார். நர்ஸ் வேலை பார்ப்பவள் நான். குழந்தை இரண்டு தரம் தும்மினாலே எத்தனை நாளாக என்று தாயைக் கேட்டு எழுதுகிறவள். என் கட்டிலில் நடந்ததை ஒரு வரி எழுதவில்லை, யாரையும் கேட்கவில்லை, விளையாட்டாக விசில் அடித்துக்கொண்டிருந்தேன். இப்போது நினைத்தாலும் என்மேல் எனக்கு ஆத்திரம் வருகிறது.

மாதம் ஒருமுறை எங்களுக்கு செல்போனில் வகுப்பு நடக்கும். மருத்துவத்தில் புதிதாகக் கண்டறிந்தவற்றை நகரத்து டாக்டர் யாராவது எடுத்துச் சொல்வார். எங்கள் நிலையத்தில் சிக்னல் ஒழுங்காகக் கிடைப்பது பின்பக்கத்துப் பலாமரத்தடியில் மட்டும்தான். பலா பழுத்த ஒரு மாசம் பேசியவர் நரம்பு டாக்டர், தாலாட்டுப் போன்ற குரல். சாப்பிட்ட மயக்கம், மரநிழல், தலைக்கு மேலே பழுத்து வெடித்த பலாவின் வாசனை. பாதித் தூக்கத்தில்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

கனவு காணும்போது மூளை நம் உடம்பைப் பூட்டி வைக்கிறது என்றார். அதனால்தான் கனவில் எவ்வளவு ஓடினாலும் கால் படுக்கையிலேயே கிடக்கிறது. சிலருக்கு அந்தப் பூட்டு திறந்துவிடுகிறது. கனவில் அடித்தால் கை நிஜமாகவே அடிக்கும், கனவில் ஓடினால் கால் உதைக்கும். விடியும் நேரத்தில்தான் இது அதிகம். இப்படிப்பட்டவர்களை வருஷக்கணக்கில் தொடர்ந்து கவனித்துப் பார்த்திருக்கிறார்கள். அவர்களில் நிறையப் பேருக்குப் பின்னாளில் நடுக்குவாதமோ அதற்கு உறவான வேறு நோயோ வந்திருக்கிறது. கை நடுங்குவதற்குப் பல வருஷம் முன்னாலேயே கனவு சொல்லிவிடுகிறது என்றார். எனக்குத் தூக்கம் போய்விட்டது.

ஒரு நர்ஸ், "சார், எங்க வூட்டுக்காரரும்தான் உதைக்கிறாரு, அதுக்குத் தூக்கமே வேணாம் சார்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். டாக்டரும் சிரித்துவிட்டு மேலே சொன்னார். மூளையில் ஒரு புரதம் தப்பாக மடிந்து சேர்கிறதாம். அதை இப்போது முதுகுத்தண்டு நீரில் கண்டுபிடிக்க முடிகிறது, பொட்டளவு தோலை எடுத்தும் பார்க்க முடிகிறது. ஆனால் அந்த நோயை வராமல் தடுக்கும் மருந்து இன்னும் கைக்கு வரவில்லை. தேடிக்கொண்டிருக்கிறார்கள். அதுவரை நடையும் உடற்பயிற்சியும் நல்லது. "இன்னொன்றையும் கேளுங்கள், மூக்கைக் கேளுங்கள்" என்றார். "பலருக்கு வாசனை முதலில் போய்விடும், அவர்களே கவனித்திருக்க மாட்டார்கள்."

அதற்கு முந்தின மாசம்தான் அடுப்பில் புளிக்குழம்பு அடிப்பிடித்துக் கருகியது. அவர் இரண்டடி தள்ளி உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். "மூக்க எங்க வெச்சிட்டு வந்தீங்க?" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தியிருந்தேன். பலாமரத்தடியில் அது நினைவு வந்தது. போனில் என் பக்கத்து ஒலி ஏற்கெனவே அணைந்துதான் இருந்தது. ஆனாலும் நான் அழுவது யாருக்கோ கேட்டுவிடும் போல அதை மறுபடி அழுத்திக்கொண்டிருந்தேன்.

அன்று சாயந்திரம் அந்த மரத்திலிருந்து ஒரு பழம் இறக்கி, அறுத்த பாதியை மடியில் வைத்துக்கொண்டு அவர் பின்னால் உட்கார்ந்தேன். வண்டி முழுக்க வாசனை. பின் சீட்டில் ஒரு பெரியவர், "யாருமா அது, நாக்குல தண்ணி ஊறுது" என்றார். நான் முன்னால் குனிந்து, "ஏங்க, வாசன வர்தா?" என்று கேட்டேன்.

"இன்னா வாசன?" என்றார். பிறகு கண்ணாடியில் என் மடியைப் பார்த்தார். "ஆங், வர்து வர்து. பலாப்பழம்."

அவருக்கு ஓய்வு பெற இன்னும் நாலு வருஷம் இருந்தது. அந்த மலைப்பாதையில் அவர் சக்கரம் ஏறாத கல் இல்லை. ஸ்டீரிங்கைப் பிடுங்கிவிட்டால் மனுஷன் என்ன ஆவார்? தடுக்க மருந்தில்லாத ஒரு செய்தியைச் சொல்லி என்ன பிரயோசனம்? வரும் என்றும் நிச்சயமில்லை, வராது என்றும் நிச்சயமில்லை. இப்படியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை என்னவென்றால் பயம். சொன்னால் அது நிஜமாகிவிடும் என்ற பயம். பலா முடிந்தது, மழை வந்தது, மலை முழுக்கச் சாமை விதைத்தார்கள், சாமை வளர்ந்தது. நான் தினமும் அந்த சீட்டில் உட்கார்ந்து அவர் கைகளையே பார்த்துக்கொண்டு போனேன். பகலில் அந்தக் கைகள் துளி நடுங்கவில்லை. விடியலில் அவை எழும்போது முன்போல் என்னால் அந்த பஸ்ஸில் ஏற முடியவில்லை. வெளியே நின்று பார்க்கிறவளாகிவிட்டேன்.

சாமை அறுப்பு நடந்துகொண்டிருந்த ஒரு சாயந்திரம் பஸ் நிறையக் கூட்டம். நடைபாதையெல்லாம் மூட்டை. மழை ஓய்ந்து வெயில் சாய்ந்து, பனிக்குள் மஞ்சள் வெளிச்சம் கரைந்திருந்தது. நிஜமான நடையா கட்டிலில் நடக்கும் நடையா என்று பிரித்துச் சொல்ல முடியாத வெளிச்சம். பாரத்தோடு இறங்கும் வண்டி தூளி போல ஆடியது. எனக்குக் கண் சொக்கியது.

குரங்கு வளைவு தாண்டும்போது லேசாக ஒரு கருகல் வந்தது. அடுத்த வளைவில் அது தொண்டையில் ஏறியது. பின்னால் யாரோ இருமினார்கள். "எவனோ காட்ல சருகு கொளுத்தறான்" என்றார் கண்டக்டர், கூட்டத்துக்குள் டிக்கெட் போட்டபடி. சருகு இல்லை அது. பத்து வருஷத்துக்கு மேல் அந்த பஸ்ஸில் போய்வருகிறேன், பிரேக் லைனர் தீயும் வாசனை எனக்குத் தெரியும். அது வந்தால் முதல் ஆளாக மூக்கைச் சுருக்கி, கியரைக் குறைத்து, ஓரம் கட்டுகிறவர் அவர்தான். கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்தேன். நிம்மதியாக, காற்று வாங்குகிறவர் போல ஓட்டிக்கொண்டிருந்தார். கால் பிரேக்கிலேயே இருந்தது. இன்னொரு வளைவும் போயிற்று.

"நிறுத்துங்க" என்று கத்தத்தான் வாயைத் திறந்தேன். உதடு தானாகக் குவிந்தது. ஒற்றை விசில் அடித்தேன்.

அவர் கால் மெதுவாக அழுந்தியது. பெருமூச்சு ஒன்று வந்தது. வண்டி இன்னும் கொஞ்சம் வழுக்கிப் போய், பாறை வளைவில், பாறையை ஒட்டினாற்போல் நின்றது.

"யாருய்யா விசிலடிச்சது? இங்க எறங்கறவங்க யாருமில்லியே!" என்று கண்டக்டர் பின்னாலிருந்து கத்தினார். என் வீட்டுக்காரர் திரும்பவில்லை. கண்ணாடியில் என்னையே பார்த்தார். விழித்திருக்கும்போது அவர் அந்த விசிலைக் கேட்டதே இல்லை. ஆனால் அவருக்கு அது தெரிந்திருந்தது.

பின் சக்கரத்திலிருந்து புகை வந்தது. எல்லோரையும் இறக்கிவிட்டு, கண்டக்டர் சக்கரத்துக்கு முட்டாகக் கல் வைத்தார். நாங்கள் இருவரும் பாதையோரக் கட்டைச்சுவரில் உட்கார்ந்தோம். கீழே அடிவாரத்து வயல்கள் பனியில் மிதந்துகொண்டிருந்தன.

"எப்போலேர்ந்து வந்துச்சு வாசன?" என்று கேட்டார்.

"குரங்கு வளைவுலேர்ந்து."

புகையும் சக்கரத்தைப் பார்த்தார். பிறகு, "எனக்கு வரலம்மே" என்றார். "கோயில்ல சூடம் ஏத்தினா வரல. ரெண்டு வருசமாச்சு. கொரோனாவுல போச்சுன்னு நெனச்சேன். வெளிய சொன்னா வண்டிய புடுங்கிடுவாங்கன்னு வாய மூடிக்கினு இருந்துட்டேன்."

அப்புறம் நான் சொன்னேன். பலாமரத்தடியில் கேட்டது அத்தனையும், பூட்டு, புரதம், கை நடுக்கம், ஒன்றையும் மறைக்காமல். எங்கள் நிலையத்துக்கு வருகிறவர்களிடம் பேசும் குரலில் ஆரம்பித்தேன், அந்தக் குரல் பாதியிலேயே என்னை விட்டுவிட்டது. அவர் தன் இரண்டு கைகளையும் மடியில் விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"ஒனக்கு எப்போலேர்ந்து தெரியும்?"

"பலாப்பழம் வந்தப்போலேர்ந்து."

"அப்போலேர்ந்து தெனமும் எம் பின்னாலயே குந்திக்கினு வந்தியா? பயமா இல்லியா?"

"இருந்துச்சுங்க. அதான் பின்னாலயே குந்தினேன்."

அவர் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார். மூட்டைகளின் மேல் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு குழந்தை பாறைமேல் ஏறப் பார்த்துக்கொண்டிருந்தது. "நீ தெரிஞ்சு குந்தினே. இவங்கல்லாம்?" என்றார். அந்த மாசங்களில் நான் மறைத்தது அவரிடம் மட்டும் இல்லை என்பது அந்தக் கட்டைச்சுவரில்தான் எனக்கு உறைத்தது.

எழுந்து போய் கண்டக்டரிடம் வண்டிச் சாவியைக் கொடுத்தார். "டிப்போவுக்கு போன் போடு. வேற டிரைவர அனுப்பச் சொல்லு."

"இன்னாண்ணா நீ? கொஞ்ச நேரம் ஆறட்டும், நீயே எறக்கிடுவ. நீ பாக்காத வளைவா?"

"பிரேக்கு ஆறிடும்டா" என்றார் அவர். "என் மூக்கு ஆறாது."

அடுத்து வந்த வண்டியில் நாங்கள் பயணிகளாக இறங்கினோம். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்தப் பாதையில் நாங்கள் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து போனது அதுதான் முதல் தடவை. ஒவ்வொரு வளைவிலும் அவர் வலது கால் தரையை அழுத்தியது. கோயில் வளைவில் கையைத் தூக்கிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பிறகு வேலூர்ப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் தலையிலும் காலிலும் வயர் ஒட்டி அவர் தூக்கத்தைப் பதிவு செய்தார்கள். டாக்டர் எதிர்பார்த்ததுதான், பூட்டு திறந்திருந்தது. மற்றபடி கையும் நடையும் நன்றாகவே இருக்கின்றன என்றார். கனவு அடங்க மாத்திரை தந்தார், தரையில் மெத்தை போட்டுப் படுக்கச் சொன்னார். விசில் கதையைக் கேட்டு முதலில் சிரித்தார். அப்புறம், கையைப் பிடித்து மல்லுக்கட்டுவதைவிடப் பழகிய குரல் நல்லதுதான் என்று சொல்லி என் வயிற்றில் பாலை வார்த்தார். தோலில் எடுக்கும் சோதனையைப் பற்றியும் சொன்னார். தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவர்களும் உண்டு, வேண்டாம் என்பவர்களும் உண்டு, எது வேண்டும் என்று இவரையே கேட்டார். "வேணாங்க சார். வர்றப்போ வரட்டும். ஆனா வருசா வருசம் வர்றேன், பாத்துக்கினே இருங்க" என்றார் இவர்.

வாசனையே தெரியாத டிரைவரை மலைக்கு அனுப்ப முடியாது என்று டிப்போவில் அவர் வாயாலேயே சொன்னார். இப்போது பஸ் ஸ்டாண்டில் வண்டிகளின் நேரம் குறிக்கும் அறையில் வேலை. காலையில் கோயில் வளைவு வரை வேகமாக நடந்துவிட்டு வருகிறார். புதிதாக ஒரு பையன் மலை வண்டி ஓட்டுகிறான், நன்றாகத்தான் ஓட்டுகிறான். நான் அதே சீட்டில் உட்கார்ந்து அவன் பிடரியைப் பார்த்துக்கொண்டு போகிறேன். என்ன செய்வது, பழகவில்லை.

மாத்திரை போட ஆரம்பித்த பிறகு விடியல்கள் அமைதியாகிவிட்டன. எப்போதாவது கைகள் அரையடி எழுந்து அப்படியே அடங்கிவிடும். போன வாரம் காப்பி குடிக்கும்போது தானாகவே சொன்னார். முன்பெல்லாம் ஒன்றும் நினைவிருக்காது, இப்போது கொஞ்சம் தங்குகிறதாம்.

"கனவுல வண்டி பாறை வளைவுலயே நிக்குதும்மே. கூட்டமெல்லாம் ஏறி குந்திக்கினு இருக்குது. வெய்யில் மஞ்சளா அடிக்குது. நானும் ஸ்டீரிங்க புடிச்சிக்கினு குந்தினு இருக்கேன். யாரும் ரைட்டே குடுக்க மாட்டேங்கறாங்க."

நான் தம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். நிறுத்தியவள் நான்தானே.

இன்று விடியலில் கோழி கூவி முடிந்திருந்தது, பால்காரர் இன்னும் வரவில்லை. பக்கத்து மெத்தையில் அவர் கைகள் மெதுவாக எழுந்தன. வட்டத்தைப் பிடித்தன. அரை வட்டத்தில் தயங்கி அப்படியே காத்திருந்தன. எனக்கு எந்த இடம் என்று தெரிந்தது. சாமை மூட்டைகள் தெரிந்தன, மஞ்சள் வெளிச்சம் தெரிந்தது, டிரைவர் சீட்டுக்குப் பின்னால் என் இடம் காலியாக இருந்தது. நான் ஏறி உட்கார்ந்துகொண்டேன்.

உதட்டைக் குவித்து இரண்டு விசில் அடித்தேன். வண்டி கிளம்பியது.